நாலு மாத்திரையும் எட்டு மாத்திரையும்

தெலுங்கு பேசும் ஊரான உப்பலில் எங்கள் காலனிக்குள் ஒரு பூங்கா இருக்கிறது. காலையில் அங்கே நடக்க வருகிற ஆண்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நடப்பது கொஞ்சம், உட்கார்ந்து பேசுவது அதிகம். பேச்சு என்றால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பது, அவ்வளவுதான். வேலையில் இருந்தபோது யாருக்கு எந்த டைப் குவார்ட்டர்ஸ், யாருக்கு ரயிலில் எந்த வகுப்பு, கேன்டீனில் யார் எந்தப் பக்கம் உட்காரலாம் என்று ஒப்பிட்டார்கள். ரிட்டயர் ஆனதும் அதெல்லாம் போய்விட்டது. அதனால் வியாதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்குச் சர்க்கரை இவ்வளவு, உனக்கு எவ்வளவு. எனக்கு ஸ்டென்ட் இரண்டு, உனக்கு ஒன்றுதானா. எனக்குக் கை வழியாகச் செய்தான், உனக்குத் தொடை வழியாகவா, ஐயோ பாவம். இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். இதய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதில் என்ன பெருமை என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் ஒருவர் உண்டு. கணக்குப் பிரிவில் அதிகாரியாக இருந்தவர், திருச்சிக்காரர். ஆள் நல்ல கனம். என் கணவர் மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தார். இரண்டு பேரும் ரிட்டயர் ஆகிப் பல வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் இவர் அவரைக் கண்டால் பெஞ்சிலிருந்து எழுந்திருப்பார். "உக்காருய்யா" என்று அவர் சொன்ன பிறகுதான் உட்காருவார். அவர் வீட்டுக்கு வந்தால் நல்ல நாற்காலியைத் துடைத்துப் போடுவார். நானும் அவரை "சார்" என்றுதான் கூப்பிட்டுப் பழகியிருந்தேன். என்னை அவர் "தங்கச்சி" என்பார். பாசத்தில் அல்ல. பெயர் தெரியாததால்.

போன வருடம் வெயில் ஏறத் தொடங்கிய சமயம், மெட்ரோ படியேறும்போது என் கணவருக்கு நெஞ்சை அடைத்தது. உட்கார்ந்ததும் சரியானது. மறுபடி ஏறினால் மறுபடி அடைத்தது. ஆஞ்சியோ எடுத்துப் பார்த்ததில் ஒரு குழாயில் பெரிய அடைப்பு என்று தெரிந்தது. டாக்டர் வாலிபர், தெலுங்குக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். இன்றைக்கே ஓடிவந்து செய்யவேண்டிய அவசரம் இல்லை, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு, கம்பெனியிலிருந்து ரெஃபரல் லெட்டர் வாங்கி வாருங்கள், தேதி குறித்துச் செய்யலாம் என்றார்.

அன்றைக்கு அவர் ஒரு கேள்வி கேட்டார். வயிற்றில் புண், ரத்த வாந்தி, அந்த மாதிரி முன்னால் ஏதாவது வந்திருக்கிறதா?

"ஏமீ லேது சார்" என்றார் இவர், பட்டென்று. ஒன்றும் இல்லையாம்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "வந்திருக்கு டாக்டர்" என்றேன். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கி மாத்திரை தின்று, ஒருநாள் சாப்பாட்டுத் தட்டிலேயே ரத்தமாக வாந்தி எடுத்து, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த மனுஷன். மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை, முழுக்கச் சொன்னேன்.

வெளியே வந்ததும் சண்டை.

"ஏட்டி, எதுக்கு அதெல்லாம் அவன்கிட்ட சொல்லுத? ஃபைல்ல ஏறிருச்சுல்ல இப்ப."

"ஏறட்டுமே. அதனால என்ன, பிரமோஷன் நின்னுருமா?"

உண்மையிலேயே அந்தப் பயம்தான் அவருக்கு. ஃபைலில் குறை ஏறக்கூடாது. நாற்பது வருடம் அப்படியே இருந்து பழகினால் நெஞ்சு வலித்தாலும் புத்தி அங்கேதான் போகும்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு டாக்டர் எங்களிடம் பொறுமையாக விளக்கியிருந்தார். குழாயில் ஸ்டென்ட் வைக்கும்போது அங்கே ரத்தம் கட்டக்கூடாது, அதற்காக ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுக்கிறோம். மருந்து குறைந்தால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். கூடினால் இவருக்கு வயிற்றில் ரத்தம் கசியும். இரண்டுக்கும் நடுவில் அளவு பார்த்துத்தான் கொடுப்பேன். இதுதான் அவர் சொன்னது. இதில் புரியாதது ஒன்றும் இல்லை. எனக்குப் புரிந்தது. பத்தாம் வகுப்பு படித்த எனக்கே புரிந்தது.

ஆனால் பூங்காவில் வேறு பாடம் நடந்தது. கணக்கு அதிகாரிக்கு இரண்டு மாதத்துக்கு முன்புதான் அதே ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் ஸ்டென்ட் வைத்திருந்தார். அவர் தன் அளவுகளை எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தார். செய்கிற அன்றைக்குக் காலையில் ரத்தம் உறையாத மாத்திரை எட்டு, ஒரே வேளையில். உள்ளே படுக்கவைத்த பிறகு ஹெப்பாரின் என்கிற ஊசி மருந்து ஏழாயிரம் யூனிட். "ஏழாயிரம்யா" என்று அடிப்படைச் சம்பளத்தைச் சொல்வது போலச் சொல்வாராம். இன்னொருவர் எனக்கு ஐயாயிரம்தான் என்று தலையைக் குனிந்துகொள்வாராம். இதைத் தினமும் என் கணவர் வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் ஒப்பிப்பார்.

"சாருக்குப் பிரைவேட் ரூம் எலிஜிபிலிட்டி. நமக்கு செமி பிரைவேட்டுதான். மருந்துலயும் அந்த வித்தியாசம் இருக்கும்ங்குதாரு."

"மருந்துல என்னங்க வித்தியாசம்? வியாதி கிரேடு பாத்தா வருது?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. கம்பெனி அனுப்புத பேனல் ஆஸ்பத்திரில எல்லாம் அப்படித்தான். கேக்குதவனுக்குக் கொடுப்பான், கேக்காதவனுக்குக் கொறைப்பான்."

இதை நான் ஒரு பைத்தியக்காரப் பேச்சு என்று நினைத்து விட்டுவிட்டேன். கட்டில், திரை, ஜன்னல், டிவி எல்லாம் கிரேடு பார்த்துக் கொடுக்கிற இடத்தில் மருந்தும் அப்படித்தான் என்று இவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

குறித்த தேதியில் காலையில் போய்ச் சேர்ந்தோம். இரண்டு கட்டில் போட்ட அறை. பக்கத்துக் கட்டில் காலி. நர்ஸ் வந்து சின்னக் கிண்ணத்தில் மாத்திரை கொண்டுவந்தாள். அவர் அதைக் கையில் கொட்டி எண்ணினார். நாலு.

"இன்த்தேனா?" என்று கேட்டார், இவ்வளவுதானா என்று.

"அந்தே அங்கிள்" என்று சொல்லிவிட்டு அவள் அவர் விழுங்குகிற வரை நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இன்கிரிமென்ட் நிறுத்திய ஆர்டர் கையில் கிடைத்த மாதிரி இருந்தது. நான் தலைமாட்டில் பையை வைத்துக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்தார். "சார், நாலுதான் சார் கொடுத்தாங்க. ஆமா சார். நாலேதான்." அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் எனக்கே கேட்டது. "நான் வர்றேன், இரு."

கீழே கையெழுத்துப் போடவேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கவுன்டரில் வழக்கம்போல வரிசை. திரும்பி மேலே வந்தால் கணக்கு அதிகாரி என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கையில் தண்ணீர் பாட்டில், காலி. என் கணவர் படுத்திருக்கிறார், வாயைத் துடைத்துக்கொண்டு.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க தங்கச்சி" என்றார் அதிகாரி. "குறை நிவர்த்தி பண்ணியாச்சு."

"என்ன குறை சார்?"

"இவன்லாம் கேட்டாக் கொடுக்க மாட்டான். நமக்குச் சேரவேண்டியதை நாமதான் எடுத்துக்கணும். எங்கிட்ட மிச்சம் இருந்துச்சு. அதே கம்பெனி மாத்திரைதான், பயப்படாதீங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. வயிற்றில் புண் வந்து ரத்த வாந்தி எடுத்த ஆள். டாக்டர் பார்த்துப் பார்த்துக் குறைத்துக் கொடுத்ததை இந்தப் பெரிய மனுஷன் வந்து இரட்டிப்பாக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் உள்ளே கொண்டுபோய் அந்த ஊசி மருந்தையும் போடப்போகிறார்கள்.

"என்னங்க, எத்தனை போட்டீங்க?"

"நாலு." குரலில் கொஞ்சமும் வெட்கமில்லை. "இப்பத்தான் எட்டு ஆச்சு."

"நான் டாக்டர்ட்ட சொல்லப்போறேன்."

எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஏட்டி, சும்மா கெட. சொன்னேன்னா கேஸத் தள்ளி வச்சிருவான். லெட்டர் காலாவதி ஆயிரும். மறுபடி லெட்டர் கொடுக்குத அந்தக் கிளார்க்கு முன்னாடி போயி நிக்கணும்."

அவர் உயிருக்கும் ஒரு கிளார்க்குக்கும் நடுவில் அவர் எதற்குப் பயந்தார் என்று பாருங்கள்.

நான் வெளியே போனேன். அதிகாரி பின்னாலேயே வந்து வராந்தாவில் மறித்தார். "தங்கச்சி, அவசரப்படாதீங்க. எனக்கு எட்டு கொடுத்தான், நான் நல்லாத்தானே இருக்கேன்? இதெல்லாம் பாத்துப் பக்குவமா ஹேண்டில் பண்ணணும். பொம்பளைங்க நடுவுல பூந்தா காரியம் கெட்டுரும்."

"இது உங்க ஆபீஸ் இல்ல சார். வழிய விடுங்க."

அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. ஒதுங்கிவிட்டார். ஒதுக்கினால் ஒதுங்குகிற ஆள்தான் என்று முப்பது வருடத்துக்கு முன்பே தெரியாமல் போனது.

டாக்டர் ஸ்டென்ட் வைக்கிற லேபிலிருந்து தலைத்தொப்பியோடு வெளியே வந்தார். கணக்கு அதிகாரிக்கு எட்டு என்று இவரையும் எட்டு போடவைத்ததைச் சொன்னேன். உடனே என்னோடு அறைக்கு வந்தார். இவரைப் பார்த்து, "நாங்கள் கொடுத்ததைத் தவிர வேறு ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று தெலுங்கில் கேட்டார்.

"இல்ல சார். இவளுக்குக் கொஞ்சம் பதட்டம். சும்மா ஏதாவது சொல்லுவா."

என்னைப் பொய்க்காரி ஆக்கினார். எத்தனை வருடக் குடும்பம். கட்டிலுக்கு அடியில் இருந்த குப்பைத்தொட்டியை இழுத்தேன். மேலேயே கிடந்தது, நாலு குழியும் உடைந்த அட்டை. எடுத்து டாக்டர் கையில் கொடுத்தேன்.

அதிகாரி வாசலில் நின்றிருந்தார். "நான் சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு லிஃப்டுப் பக்கம் போய்விட்டார். அவ்வளவு கனமான உடம்பு அத்தனை வேகமாக நகரும் என்று நான் நினைத்ததில்லை.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்கள் நண்பர் அதற்கு முன்னால் இந்த மாத்திரையே சாப்பிடாதவர். அதனால் அவருக்கு மொத்தமாக எட்டு. நீங்கள் ஒரு மாதமாகத் தினமும் சாப்பிடுகிறீர்கள். ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் வயிறும் சரியில்லை. அதனால் நாலு. ஊசி மருந்து எடையைப் பார்த்துக் கொடுப்பது. அவர் எடை என்ன, உங்கள் எடை என்ன? உங்களுக்கு ஏழாயிரம் கொடுத்தால் நான் டாக்டரே இல்லை."

இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்குப் பிரைவேட் ரூம்..." என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"என்ன ரூம்?" என்றார் டாக்டர். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை. இந்த அசிங்கத்தை வெளி ஆளுக்கு எந்த மொழியில் விளக்குவது?

இன்றைக்குச் செய்யமாட்டேன், படுக்கவைத்துக் கவனிக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். சாயந்திரம் எங்கள் மகள் குகட்பள்ளியிலிருந்து ஆபீஸ் முடித்து வந்தாள். ஐ.டி. வேலை. வீட்டில் தமிழில் பேசினால் தெலுங்கில் பதில் சொல்கிறவள். நடந்ததைக் கேட்டதும் "நான்னா, புத்தி உந்தா?" என்று ஒரே கேள்வி கேட்டாள். புத்தி இருக்கிறதா என்று. என்னோடு பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் வாய்க்குள் "நக்கோ, நக்கோ" என்று மட்டும் முனகினார், வேண்டாம் வேண்டாம் என்று, ஏதோ நாங்கள்தான் அவரைத் தொந்தரவு செய்கிற மாதிரி.

மறுநாள் காலையில் கழிப்பறைக்குப் போனவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சாம்பலாக இருந்தது, நெற்றியெல்லாம் வேர்வை.

"கறுப்பாப் போவுதுட்டி" என்றார். "தார் மாதிரி."

நான் அவரைத் தாங்கிப் பிடிக்கும்போதே கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். நர்ஸுகள் ஓடிவந்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, வயிற்றுக்குள் கசிந்துகொண்டிருந்த இடத்தை அடைத்தார்கள். பழைய புண் இருந்த அதே இடம். அந்த இரண்டு நாள் நான் என்ன சாப்பிட்டேன், எங்கே தூங்கினேன் என்று நினைவில்லை. அவர் செத்துப்போனால் அந்த அதிகாரி மாலையோடு வந்து எங்கள் வீட்டில் முதல் ஆளாக நிற்பார், எல்லோரும் அவருக்கு நாற்காலி போடுவார்கள் என்று திரும்பத் திரும்பத் தோன்றியது. அந்த நினைப்பில்தான் நான் அழாமல் இருந்தேன்.

கசிவு நின்ற பிறகு டாக்டர் வந்தார். "மாத்திரை போட்ட அன்றைக்கே உள்ளே கொண்டுபோயிருந்தால்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"முழுசாச் சொல்லுங்க டாக்டர்" என்றேன். "அவரு காதுபடச் சொல்லுங்க."

சொன்னார். ஹெப்பாரினும் உள்ளே போயிருந்தால் இந்த ரத்தத்தை நிறுத்துவது கஷ்டம். மருந்தை நிறுத்தினால் அப்போதுதான் வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். நிறுத்தாவிட்டால் வயிற்றில் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். இரண்டில் எதை விடுவது என்று நான் நின்றிருப்பேன். இதுதான் அவர் சொன்னது. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்குகிற மாதிரி நடித்தார் என்றுதான் நான் சொல்வேன்.

வயிறு ஆறுகிறவரை ஸ்டென்ட் வைக்க முடியாது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அடைப்பு அப்படியே இருந்தது. குளித்துவிட்டுத் துண்டு கட்டினாலே மூச்சு வாங்கியது அவருக்கு. நாலு மாத்திரை கூடப் போட்டு அவர் சம்பாதித்தது இதுதான், அடைத்த குழாயோடு வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பது.

இதற்கிடையில் பூங்காவில் புதுக்கதை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. காய்கறி வண்டிக்காரனிடம் கீரை வாங்கும்போது எதிர்வீட்டு அம்மா என்னிடம் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அளவு குறைத்துக் கொடுத்ததால்தான் ரத்தம் போனதாம். எட்டு ஒரே வேளையில் முறையாகக் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதாம். வீட்டில் உள்ளவர்கள் பதறிப்போய்க் கேஸைக் கெடுத்துவிட்டார்களாம். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவே தேவையில்லை.

கீரையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு நேரே பூங்காவுக்குப் போனேன். பெஞ்சில் ஐந்தாறு பேர். நடுவில் அவர்.

"வாங்க தங்கச்சி. எப்படி இருக்கார் நம்ம ஆளு?"

"சார், உங்களுக்கு வயித்துல எப்பவாவது புண்ணு இருந்துச்சா?"

"எனக்கா? சேச்சே."

"ரத்த வாந்தி?"

"என்ன தங்கச்சி இது?"

"செய்யுறதுக்கு முன்னாடி மாசம் முழுக்க அந்த மாத்திரையத் தின்னீங்களா?"

"இல்ல. எனக்கு அப்பதான் ஆரம்பிச்சாங்க."

"உங்க எடை எவ்வளவு?"

பெஞ்சில் ஒருவர் சிரித்துவிட்டார். "அத மட்டும் கேக்காதீங்கம்மா, மெஷின் ஒடஞ்சிரும்."

"அப்ப எத வச்சு சார் நீங்க ரெண்டு பேரையும் ஒப்பிட்டீங்க? உங்களுக்கும் அவருக்கும் ஒண்ணா இருந்தது என்ன?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். கடைசியில், "அதெல்லாம் டெக்னிக்கல் மேட்டர் தங்கச்சி" என்றார். அவ்வளவுதான் அவருடைய தலைக்குள் இருந்தது. ஒரு மனுஷனைச் சாவின் வாசல் வரை அனுப்பிவிட்டு, டெக்னிக்கல் மேட்டர். வருத்தம் என்று ஒரு சொல் வரவில்லை. மற்றவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தருக்கும் அவரிடம் வாய் திறக்கத் தைரியம் இல்லை. பென்ஷன் வாங்குகிற கிழவர்களுக்கு இன்னும் அவர் பில் பாஸ் பண்ணவேண்டும் போல.

வீட்டுக்கு வந்து நடந்ததை இவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "சார்ட்டயா அப்படிக் கேட்ட?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அந்த அதிகாரி போன் செய்தால் இவர் எடுப்பதை நிறுத்திவிட்டார். ரோஷத்தில் நிறுத்தினாரா, பயத்தில் நிறுத்தினாரா, தெரியாது. நான் கேட்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது மறுபடி தேதி கிடைத்தது. லெட்டருக்காக அந்தக் கிளார்க்கு முன்னால் போய் நின்றது நான். அவன் ஒன்றும் என்னைத் தின்றுவிடவில்லை.

அதே டாக்டர். இந்தத் தடவை காலையில் எத்தனை மாத்திரை கொடுத்தார்கள் என்று நான் எண்ணவில்லை, இவரும் எண்ணவில்லை. கிண்ணத்தை வாயில் கவிழ்த்துத் தண்ணீர் குடித்தார். பச்சை கவுன் போட்டுத் தள்ளுகட்டிலில் படுக்கவைத்து லேப் கதவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். டாக்டர் வந்து குனிந்து, முன்பு கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். நாங்கள் கொடுத்ததைத் தவிர வேறு ஏதாவது?

இவர் வாயைத் திறந்தார். திறந்துவிட்டு மூடிக்கொண்டார். தலையைத் திருப்பி என்னைத் தேடினார்.

"அவகிட்ட கேளுங்க சார்" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நர்ஸும் பார்த்தாள். அவ்வளவு வருடம் நான் எது சொன்னாலும் "ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொன்ன மனுஷன் நெஞ்சில் வயரை ஒட்டிக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"வேற ஒண்ணும் இல்ல டாக்டர். அறைக்குள்ள யாரையும் விடல."

டாக்டர் தலையை ஆட்டிவிட்டுக் கட்டிலை உள்ளே தள்ளச் சொன்னார். நான் கதவுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். ஸ்டென்ட் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் வெளியே கொண்டுவந்தார்கள். மணிக்கட்டில் இறுக்கமாக ஒரு பட்டை, முகத்தில் நல்ல நிறம். எங்கேயும் ரத்தம் கசியவில்லை.